கண்ணின் வெள்ளை

வெள்ளைச் சட்டையை வரைய வெள்ளைப் பெயிண்ட் அவ்வளவாகத் தேவைப்படாது, வெண்பா. புதிதாக வரைய வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். சட்டை வெள்ளை என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். டியூபைப் பிதுக்கி அப்பிவிடுவார்கள். சட்டை சுண்ணாம்பு அடித்த சுவராக நிற்கும். உண்மையில் அதில் சாம்பல் இருக்கும், கொஞ்சம் நீலம் இருக்கும், பக்கத்தில் நிற்கிறவளின் சேலை நிறம்கூட ஒட்டியிருக்கும். சுத்த வெள்ளை என்பது தோள்பட்டையில் ஒரு கடுகளவுதான். பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்து பழகுகிறவனுக்கு முதலில் பிடிபடுகிற பாடம் இது. உனக்குத் தெரிந்ததை வரையாதே, எதிரில் உள்ளதை வரை.

கண்ணின் வெள்ளையும் அப்படித்தான். நீ அதைப் பற்றித்தானே கேட்டாய்.

நேற்று உன் அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஒரு பழைய போர்வையில் சுற்றி, என் வீட்டுக்கு எடுத்து வந்தாய். மேசைமேல் கவிழ்த்து வைத்தாய். கேன்வாஸின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தாய். "22.6.25 ஞாயிறு. கண்ணின் வெள்ளை. ஒயிட் நாலு, ஓக்கர் மஞ்சள் ஒன்று, எலுமிச்சை மஞ்சள் அரை, கறுப்பு ஊசிமுனை. கலவை: தி. பூச்சு: பா." தி என்பது திருமால், அதாவது நான். பா என்பது பாரி, உன் அப்பா.

"இது உங்க கையெழுத்துதானே மாமா?" என்றாய். ஆமாம் என்றேன்.

"எங்க வூட்ல இருக்கிற மத்த படம் முப்பதையும் திருப்பிப் பாத்துட்டேன். எதுலயும் கண்ணுக்கு மஞ்சள் போடல. அம்மாவுக்கு மட்டும் ஏன் போட்டீங்க?"

நான் பேச வாயெடுத்தேன். நீ கையை உயர்த்தினாய். "நீங்க பேசுனா நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் வேண்டாங்கறேன். எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஜங்ஷன் ரோட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து எழுதுகிறேன்.

ஒரு பொய் தயாராக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் பெயிண்டில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய், வெளிச்சம் படாத இடத்தில் இருந்தால் நாளாவட்டத்தில் மஞ்சளாகும். அது உண்மையான சங்கதி. படம் உங்கள் வீட்டில் இருட்டு மூலையில் மாட்டியிருந்தது, அதனால் கண் மஞ்சளடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பின்பக்கத்தில் நானே எழுதிவைத்த கணக்கு என் வாயை அடைத்துவிட்டது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா கேட்டது உனக்கும் காதில் விழுந்திருக்கும். நீ அப்போதுதான் ஓசூரிலிருந்து வந்து, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாய். "கண்ணு எப்பலேருந்து இப்படி மஞ்சளா இருக்குது? பித்தக் குழாய் அடைச்சு சீழ் வச்சு ரத்தத்துல கலந்துடுச்சு. பத்து நாளு முன்னாடி கூட்டியாந்திருந்தா குழாயைத் திறந்து விட்டிருப்போம். வூட்ல ஒருத்தர் கூடவா பாக்கல?" உன் அப்பா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். தரையில் பதித்திருந்த டைல்ஸ் நம் ஊர்ச் சரக்கு இல்லை.

உன் அப்பாவால் அதைப் பார்த்திருக்க முடியாது என்பது அந்த வராந்தாவில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நானும் அவனும் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவன் அச்சில் களிமண் கூழ் ஊற்றி பொம்மை எடுக்கிற பிரிவு. நான் வண்ணப் பிரிவு. பீங்கானில் வண்ணம் ஒரு வேடிக்கையான சமாச்சாரம். சூளைக்குள் சாம்பல் நிறத்தில் போவது வெளியே வரும்போது பளிச்சென்று நீலமாக வரும். பூசும்போதே, வெந்த பிறகு என்ன ஆகும் என்று பார்க்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் என்னால் ஒரு சூளைச் சரக்கும் வீணானதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு ஒரு பெரிய புத்தகம் கிடைத்தது. ஐரோப்பாவின் பழைய எண்ணெய் ஓவியங்கள், பக்கத்துக்கு ஒன்று. முதல் ஐம்பது பக்கம் இல்லை. அதனால் எங்கள் படிப்பு ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தது. ஆலடி ரோட்டில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தோம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கேட்பாரும் இல்லை. உன் அப்பா காலையில் எட்டு மணிக்கு வந்து, சாப்பாட்டுக்குப் போய், திரும்பவும் வருவான்.

முதல் படம், கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டிய ஒரு கிழவர். நான் கட்டம் போட்டு அளந்து வரைந்த கிழவர், ரேஷன் கார்டு போட்டோவில் இருப்பவரைப் போல விறைத்துக்கொண்டு வந்தார். உன் அப்பாவின் கிழவர் மூச்சு விட்டார். அந்தக் கை எனக்கு இல்லை. எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் வராது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் அவனுடைய கிழவரின் தாடி பச்சையாக இருந்தது. குளத்துப் பாசிப் பச்சை.

"தாடி என்னா கலர்டா?" என்று கேட்டேன்.

"பிரவுனு" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "சிவப்பு பச்சை எல்லாம் எனக்கு ஒன்னாத்தான் தெரியுது. வெளிறுன மஞ்சளும் வெள்ளையும்கூட அப்படித்தான். யாருகிட்டயும் சொல்லிடாதடா. வூட்ல, எம் பொண்டாட்டி விருத்தாவுக்குக் கூடத் தெரியாது."

நான் சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து நிறத்தை நான் கலந்து கொடுப்பேன், அவன் பூசுவான். ஒரு கலவையை அடுத்த ஞாயிறு மறுபடி போட வேண்டுமே என்பதற்காக, படத்தின் பின்பக்கத்தில் தேதி, இடம், கலவை, யார் கலந்தது, யார் பூசியது எல்லாம் எழுதிவைப்போம். பதினோரு வருஷமாக எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கலவை: தி. பூச்சு: பா. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஓவியன் தேறுவான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மனித முகத்தைப் பழைய இத்தாலிக்காரர்கள் எப்படி வரைந்தார்கள் தெரியுமா? முதலில் முகம் முழுக்கப் பச்சை பூசுவார்கள். பிணத்தின் நிறம் என்றே சொல்லலாம். அது காய்ந்த பிறகு மேலே மெல்லிசாகச் சிவப்பும் ஓக்கரும் ஏற்றிக்கொண்டே வந்தால் அடியில் இருக்கிற பச்சை தோலுக்கடியில் ஓடுகிற நரம்பாகத் தெரியும். உயிர் வந்துவிடும். உன் அப்பாவுக்கு அந்தப் பச்சையும் தெரியாது, மேலே ஏற்றுகிற சிவப்பும் தெரியாது. "உசுரு வந்துடுச்சா?" என்று என்னைத்தான் கேட்பான். நான் வந்துவிட்டது என்று சொன்னால் பிரஷைக் கழுவ எழுந்திருப்பான்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நூறு படம் பிரதி எடுத்து முடிக்கும்வரை சொந்தமாக ஒரு படமும் வரையக்கூடாது. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யவில்லை. டீக்கடையில் பேசிக்கொண்டதுதான். நான்தான் சொன்னேன், அவன் உடனே ஒப்புக்கொண்டான். போன ஏப்ரலில் எழுபத்தைந்தாவது படத்தில் இருந்தோம்.

அந்த மாதம் ஒரு புதன்கிழமை, அவன் கொட்டகையில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். அவன் ஒரு சாவுக்குப் பெண்ணாடம் போயிருந்தான். உன் அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வெகுளியாகக் கேட்டாள்: "அண்ணே, இவரு என்னை வரையறாரே, உங்ககிட்ட காட்டினாரா?"

பின்னறைக் கதவைத் திறந்து காட்டினாள். படம் வைக்கிற சாரத்தில், கேன்வாஸுக்குள் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது, ஆனால் அவள்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத முகம். பக்கத்தில் போய்ப் படத்தைத் திருப்பினேன். பின்னால் நாலு வரி இருந்தது. நாலிலும் ஒன்றே எழுதியிருந்தது. கலவை: பா. பூச்சு: பா.

"வெண்பா போன்ல என்னமோ போட்டுக் குடுத்திருக்குதுண்ணே. பெயிண்ட்டுக்கு நேரா காட்டினா பொம்பளக் குரல்ல கலரு பேரு சொல்லுது. இவருக்குக் கண்ணுல கோளாறு இருக்குதுன்னு, அது பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்பதான் எங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னாரு. இம்மாங் காலம் மறைச்சிருக்காரு பாருங்க" என்று சிரித்தாள்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். டீயையா படத்தையா என்று அவள் கேட்கவில்லை.

போனில் அந்த நிறம் சொல்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தது நீ என்பதற்காக உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்பாவுக்கு உதவி செய்தாய். கோபமெல்லாம் அவன்மேல்தான். நூறு என்று சொன்னதை மீறினான், அது ஒன்று. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்த ரகசியத்தை எனக்குச் சொல்லாமல் வீட்டில் விட்டுக்கொடுத்தான், அது இன்னொன்று. ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த 'பா' என்கிற ஒற்றை எழுத்துதான். பதினோரு வருஷம் அவனுக்குக் கண்ணாக இருந்தேன். குழம்பு கொதித்ததும் கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிற மாதிரி எடுத்துப் போட்டுவிட்டான். துரோகம் என்பதற்கு வேறு பெயர் இருந்தால் சொல். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வந்து, எதுவும் நடக்காதது போல என் எதிரில் உட்கார்ந்து, "இது என்னா கலர்டா?" என்று கேட்டான். நானும் எதுவும் தெரியாதது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், இரண்டு பேருமாகச் சேர்ந்து.

ஜூன் முதல் வாரத்தில் அவனே வந்து ஒப்புக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன்டா. அவளுக்கு அறுபது நெருங்குது, எதுனா ஆகறதுக்குள்ள ஒருவாட்டி வரைஞ்சுடணும்னு தோணுச்சு. நூறு வரைக்கும் பொறுக்க முடியல. இப்ப முகத்துல மாட்டிக்கிட்டேன். போனு நெழலுக்கு ஒன்னு சொல்லுது, வெயிலுக்கு ஒன்னு சொல்லுது. நீ வந்து பாருடா" என்று என் கையைப் பிடித்தான்.

வருகிறேன் என்றேன். தப்பை ஒப்புக்கொண்டவனை மன்னிக்க வேண்டும் என்பார்கள். நானும் மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இடது கண்ணில் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு அடுப்படி கூடாது, வெயில் கூடாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது. எந்நேரமும் அந்தக் கறுப்புக் கண்ணாடி. வீடியோ காலில் நீ அதைப் பார்த்து, "அம்மா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று கேலி செய்ததாக அவளே சொன்னாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கண்ணாடியோடுதான் பார்த்தார்கள். முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தாலும் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. ஆயுசு பூரா மஞ்சள் பூசிக் குளித்தவள். முகத்தில் தண்ணீரே படாமல் மூன்று வாரமாக மஞ்சள் எங்கிருந்து வரும் என்று யோசிக்க, வருகிறவர்களுக்கு என்ன அவசியம்?

வரைவதற்கு உட்காரும்போது மட்டும் அவள் கண்ணாடியைக் கழற்றுவாள். ஆக, அவள் கண்ணை நேருக்கு நேர், பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவனுக்கு நிறம் தெரியாது.

எட்டாம் தேதி நெற்றியும் கன்னமும் செய்தோம். எல்லாம் சரியாக இருந்தது. பதினைந்தாம் தேதி கழுத்தும் கையும். உள்ளங்கை ஓரத்தில் ஓக்கர் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது. கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை, மாத்திரைச் சூடு என்றாள். எனக்குச் சந்தேகம் வந்தது. இருபத்திரண்டாம் தேதி கண். அன்றைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லை. காமாலை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. என் சித்தப்பாவுக்கு வந்து, கீழாநெல்லி அரைத்து அரைத்து அம்மியே பச்சையானது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிறம் பார்க்கிறவன் நான். பார்த்தேன், கலந்தேன், எழுதினேன். எதுவும் சொல்லவில்லை.

இருபத்தொன்பதாம் தேதியும் போனேன். அன்று உதடும், காதில் தோடும். தோட்டின் கல்லுக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் படம் முடிந்தது. ஜூலை மூன்றாம் தேதி அவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இங்கே பார்த்துவிட்டு உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டி பிடித்ததும் நான்தான், முன் சீட்டில் உட்கார்ந்து போனதும் நான்தான். ஏழாம் தேதி விடியற்காலையில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு உன் அப்பா அதையே வைத்தான். ஆயில் பெயிண்ட் அவ்வளவு சீக்கிரம் காயாது. மாலை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று, மாலையைப் படத்துக்குப் போடாமல் மேலே தனி ஆணியில் தொங்கவிட்டான். துணியை விலக்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சத்தம் உனக்கு நினைவிருக்கும். உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். உன் அப்பா என் தோளில் கைபோட்டு, எல்லோரும் கேட்கும்படி, "கலரு பூரா இவன்தான்" என்றான். அந்த இடத்தில் நானும் அழுதேன். அது நடிப்பில்லை. உன் அம்மா எனக்குத் தங்கை மாதிரி, அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் படித்தால், வாயைத் திறக்காமல் இருந்தவன் என்ற அளவில் ஒரு ஆள் தெரிகிறான். வாயடைத்துப் போகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உனக்குமே கொஞ்சம் இரக்கம் வந்துவிடும். அது பிரதி எடுக்கிறவன் செய்கிற வேலையில்லை. இருபத்திரண்டாம் தேதியில் ஒரு இடத்தை விட்டுவிட்டேன். அதையும் எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். பின்னறையில் கிழக்கு ஜன்னல் வெளிச்சம். உன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்களை ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "மொகம் பாக்கற கண்ணாடியில ரெண்டு கண்ணும் மஞ்சளா தெரியுதுண்ணே. ஆபரேஷன் ஒரு கண்ணுலதான பண்ணாங்க. எனக்குத்தான் அப்படித் தெரியுதா, இல்ல நெசமாவே மஞ்சளா இருக்குதா? இவரைக் கேட்டு என்னா பிரயோசனம்?"

உன் அப்பா சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "இரு, இது சொல்லும்" என்று அவள் கண்ணுக்கு அருகில் பிடித்தான். யெல்லோ என்றது போன். அடுத்த கண்ணுக்குப் பிடித்தான். யெல்லோ.

அவன் சிரிப்பு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்னாடா சொல்லுது இது?"

அந்த அறையில் அப்போது உன் அம்மாவின் கண் எனக்கு ஒரு நோயாகத் தெரியவில்லை. இனிமேல் இந்த வீட்டில் நிறம் சொல்வது யார் என்கிற கேள்வியாகத் தெரிந்தது. போன் சரியாகச் சொல்லியிருந்தது. நானும் அதையே சொன்னால், போன் சொன்னதை வழிமொழிந்தவன் ஆவேன். பதினோரு வருஷம் அதோடு முடிந்துவிடும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் போனைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"வெள்ளையாத்தான் இருக்குது தங்கச்சி" என்றேன். "புது லென்ஸு வச்சா கொஞ்ச நாளைக்கு எல்லாமே கலரடிச்ச மாதிரி தெரியும். தானா சரியாயிடும்."

"அப்ப போனு?" என்றான் உன் அப்பா.

"ஜன்னல் வெயிலைப் பாத்துட்டுச் சொல்லுது. இத்தினி வருசமா நான் சொன்னதுல எதுனா தப்பாயிருக்குதா? அதைத்தான் நம்புவேன்னா அதையே வச்சுக் கலந்துக்க. என்னை எதுக்கு வரச்சொன்ன?"

"சரி சரி, கோவிச்சுக்காதடா. நீ சொன்னா சரி." போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு நிறம் கேட்க அவன் அதை எடுத்து நான் பார்த்ததில்லை.

உன் அம்மா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. காமாலையோன்னு பயந்துட்டேன். நாளைக்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயி காட்டலாம்னு இருந்தேன். அண்ணன் சொன்னா அப்புறம் என்னா. எதுக்கு வெட்டி அலைச்சல்?"

அலைச்சல்தான் என்றேன்.

அது காமாலை என்று எனக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறதாக இருந்ததும் காதில் விழுந்தது. தெரிந்து, கேட்டு, அதன் பிறகும் போக வேண்டாம் என்று சொன்னவன் நான். அடுத்த நாள் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். போய்ச் சொன்னால் நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி. பதினோரு நாள் அப்படியே போயிற்று. போலீஸுக்குப் போவதாக இருந்தால் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ. மஞ்சளை வெள்ளை என்று சொன்னதற்கு என்ன கேஸ் போடுவது என்று அவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். ஆனாலும் போ, கூப்பிட்டால் வருகிறேன்.

உன் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. வெள்ளை என்று வாயால் சொன்னவன் ஏன் மஞ்சளைக் கலந்தான் என்பதுதானே உன் கேள்வி. சாம்பலும் நீலமும் போட்டு மற்றப் படங்களில் செய்ததுபோல ஒரு நல்ல கண் செய்திருந்தால் உனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. பலகையில் கத்தியை வைத்து அப்படித்தான் ஆரம்பித்தேன். வரவில்லை. எதிரில் மஞ்சள் உட்கார்ந்திருக்கும்போது வேறு நிறம் கலக்க என் கையால் முடியவில்லை. ஓக்கர் போட்டேன், போதவில்லை. எலுமிச்சை மஞ்சள் அரை சேர்த்ததும் அப்படியே வந்து உட்கார்ந்தது. உன் அப்பா அதை வெள்ளை என்று நம்பிப் பூசினான். பழக்க தோஷத்தில் பின்னால் எழுதியும் வைத்தேன். வாய் பேசுவது வேறு, வெண்பா. நிறத்தில் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

உன் அம்மா போன பிறகு அவன் மறுபடியும் ஞாயிறுதோறும் வருகிறான். முன்னைவிடச் சீக்கிரமாக, ஏழு மணிக்கே வந்துவிடுகிறான். சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போவதில்லை, இரண்டு பேருக்கும் நான்தான் பொங்குகிறேன். சொந்தப் படம் என்கிற பேச்சே இல்லை. எழுபத்தெட்டாவது படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நோட்டை நீ அவனிடம் காட்டுவாய். காட்ட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள், இந்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள். ஒரு தாயும் மடியில் குழந்தையும் உள்ள படம். இரண்டு முகத்துக்கும் அடிப்பூச்சுப் பச்சை மட்டும்தான் ஆகியிருக்கிறது, மேலே சிவப்பு இன்னும் ஏற்றவில்லை. அவனுக்கு அது தெரியாது. அதற்குள் இந்த நோட்டைப் படித்தால் என்னைக் கேட்காமலே, உயிர் வந்துவிட்டது என்று நினைத்து, அந்தப் பிண நிறத்தோடேயே கொண்டுபோய் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவான். உள்ளதை உள்ளபடி அவனுக்குச் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?